எண்பத்திரண்டு கிலோவுக்கு இறங்கிய கதை

என்னை இப்போது பஸ்ஸில் பார்ப்பவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே கேட்பது ஒன்றுதான்: சுகரா? கொஞ்சம் நாசூக்கு தெரிந்தவர்கள் உடம்புக்கு என்ன என்று இழுப்பார்கள். இன்னும் சிலர் என்னிடம் கேட்காமல் டிரைவர் காளியப்பனிடம் கேட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். எங்கள் பக்கம் குண்டாக இருந்தவன் இளைத்தால் யாரும் பாராட்டுவதில்லை, பரிதாபப்படுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். எனக்குச் சுகர் இல்லை, காசநோய் இல்லை, குடியும் கிடையாது. நான் பாடுபட்டு இளைத்தவன். தொண்ணூற்றெட்டு கிலோவாக இருந்தவன் எண்பத்திரண்டுக்குக் கீழே வந்தேன், அதுவும் மோர்கூடத் தொடாமல். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மாதையன். தர்மபுரியிலிருந்து இண்டூர் வழியாக ஓடும் தனியார் டவுன் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடமாகக் கண்டக்டர். இண்டூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வீடு, இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம், ஒரு மாடு. சந்தை நாளில் பஸ் நிரம்பி வழியும்போது, கண்டக்டர் முன்னால் போக வேண்டுமென்றால் இரண்டு பேர் இறங்கி வழிவிட வேண்டும் என்று காலேஜ் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் என் இலைக்கு வந்தால் வாளியை வைத்துவிட்டே நிற்பார்கள். அதுவும் எனக்கு ஒரு பெருமையாகத்தான் இருந்தது.

நோயாளி நான் இல்லை. என் மனைவி கோவிந்தம்மாள். சித்திரை மாதம் அவளுக்குக் கால் வீங்கியது. வெயிலில் நின்றதால் என்று நினைத்தோம். பிறகு முகம் வீங்கியது, சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டல். தர்மபுரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கிரியாட்டினின் பதினொன்று என்றார்கள். உடம்பில் சேரும் கழிவுகளில் அது ஒன்று. சிறுநீரகம் சரியாக இருந்தால் அதை வெளியேற்றிவிடும், இரத்தத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பல வருடமாகக் கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம் இரண்டு சிறுநீரகத்தையும் சத்தமில்லாமல் தின்றுவிட்டிருந்தது. தலைவலி என்று அவள் சொன்னபோதெல்லாம் நான் தைலம் வாங்கிக் கொடுத்தவன்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது. இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்புவார்கள். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். அதற்காகக் கையில் ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்தார்கள், அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே இரத்தம் கிர்ரென்று ஓடுவது தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். டூட்டிக்குக் கிளம்பும் முன்பு நானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்றார்கள். யார் கொடுப்பது? அவளுடைய அண்ணன்மார் இருவருக்கும் சுகர், அவர்களிடம் எடுக்க மாட்டார்கள். எங்கள் மகள் தீபா நான் தருகிறேன் என்று உடனே சொன்னாள். கல்யாணமாகாத பிள்ளையின் உடம்பில் கத்தி படுவதாக இருந்தால் நான் டயாலிசிஸுக்கே வர மாட்டேன் என்று கோவிந்தம்மாள் ஒரே பிடியாக நின்றாள். மிச்சம் நான். என் இரத்தம் ஓ பாசிடிவ், சிறுநீரகம் என்றால் அது யாருக்கும் சேரும். என்னுடைய இரத்தத்தையும் அவளுடையதையும் கலந்து, இரண்டும் சண்டை போடுகிறதா என்று ஒரு சோதனை செய்தார்கள், கிராஸ் மேட்ச் என்பார்கள். சண்டை இல்லை என்று முடிவு வந்தது. இருபத்தைந்து வருடத்தில் இதில் ஒன்றிலாவது எங்களுக்குள் சண்டை இல்லையே என்று நான் சொன்னதற்கு, டாக்டர்கூடச் சிரித்தார்.

அதன் பிறகு என்னை எடை மிஷினில் ஏற்றினார்கள். டாக்டருடைய சிரிப்பு போய்விட்டது.

என் உயரத்துக்கு அந்த எடை மிக அதிகம். கல்லீரலில் கொழுப்பு, இரத்தத்தில் கொழுப்பு, சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது. டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் ஒற்றைச் சிறுநீரகம் வாழ்நாள் முழுக்க இந்த உடம்புக்கு உழைக்க வேண்டும், தொண்ணூற்றெட்டு கிலோவுக்கு அது தாங்காது, ஒருத்தரைக் காப்பாற்றி இன்னொருத்தரை டயாலிசிஸில் உட்கார வைக்க என்னால் முடியாது என்றார். எண்பத்திரண்டுக்கு வாருங்கள், அதற்கு மேல் ஒரு கிலோ இருந்தாலும் செய்ய மாட்டேன் என்று முடித்துவிட்டார்.

அங்கிருந்து டயட்டீஷியனிடம் அனுப்பினார்கள். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் ஈவு இரக்கம் கிடையாது. கறி, மீன், முட்டை வேண்டாம். பால், தயிர், மோர், நெய் வேண்டாம். எண்ணெய் ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதுவும் இல்லாமல் முடிந்தால் நல்லது. இதற்கு வீகன் என்று பெயராம், அதிலும் கொழுப்பு குறைந்த வீகன். புரட்டாசியில் பெருமாளுக்காக ஒரு மாதம் கறியை விட்டவன்தான் நான். இது மோர்கூட இல்லாத சைவம். எல்லாருக்கும் இதைச் சொல்வதில்லை, உங்கள் கல்லீரலும் கொழுப்பும் இருக்கிற இருப்புக்குச் சொல்கிறேன் என்று அந்தப் பெண் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். பால், கறி இரண்டும் இல்லாவிட்டால் பி12 என்ற சத்து குறையும், அதற்கு மாத்திரை கொடுத்தார்கள், மாதா மாதம் இரத்தம் பார்த்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் சொந்தமாக ஆரம்பிக்க வேண்டாம்.

சாப்பாடு ஒன்றும் புதிதில்லை. காலையில் ராகிக் கூழ், சின்ன வெங்காயம். மத்தியானம் களியும் கீரைக் கடைசலும், இல்லாவிட்டால் சாமைச் சோறும் கொள்ளு ரசமும். இராத்திரி அவித்த பயறு, ஒரு தட்டு காய். தாளிப்பு என்றால் வெறும் சட்டியில் கடுகைப் பொரிய விடுவதுதான். கேட்பதற்கு எளிதாக இருக்கும். மோர் ஊற்றாத கூழை முதல் நாள் வாயில் வைத்தபோது எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. வீட்டு மாட்டில் தினமும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து நான் பால் இல்லாத வெறும் டீ குடித்தேன்.

கோவிந்தம்மாளுக்கு வேறு பத்தியம். அவளுக்குக் கீரையைக்கூட வேகவைத்துத் தண்ணீரை வடித்துத்தான் தர வேண்டும், உப்பு குறைவு. தீபா இரண்டு அடுப்பில் இரண்டு சமையல் செய்துவிட்டு, பரீட்சைக்கும் படித்தாள். அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டில் ஒரு அப்பளம் பொரியவில்லை. நான் கேட்காமலே அவள் செய்த காரியம் அது. டிரைவர் காளியப்பன் டீக்கடையில் வடை வாங்கினால் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்று தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது. மலையிலிருந்து இறங்கி வரும் பாட்டியம்மா ஒருவர், விஷயம் கேள்விப்பட்டு, இரண்டு படி சாமை கொண்டுவந்து சீட்டில் வைத்துவிட்டுப் போனார். டிக்கெட்டுக்கு மட்டும் சில்லறையைச் சரியாகக் கொடுத்தார்.

முதல் மாதம் நாலரைக் கிலோ இறங்கியது. ஆவணியில் தொண்ணூறு. புரட்டாசி முடியும்போது எண்பத்தெட்டு. காக்கிப் பேன்ட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். மூச்சிரைப்பு போய்விட்டது. பஸ் படியில் ஏறி இறங்குவதே எனக்குப் பெருமையாக இருந்தது. மார்கழிக்குள் முடித்துவிடலாம் என்று டாக்டர் வாயாலேயே சொன்னார்.

ஐப்பசியில் எடை நின்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் போனால் அதே எண்பத்தெட்டு. கார்த்திகையில் எண்பத்தெட்டே முக்கால். சாப்பாட்டில் ஒரு பருக்கை மாறவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. தீபா என் மேல் இரக்கப்பட்டு எண்ணெய் ஊற்றுகிறாள் என்று சந்தேகம் வந்தது. ஒரு நாள் அடுப்படியில் போய்ப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன், கீரைச் சட்டியை முகர்ந்து பார்த்தேன். அவள் கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் ஊற்றினாயா என்று கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. படுத்திருந்த கோவிந்தம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை சேலம் போனபோது டயட்டீஷியன் என்னை உட்கார வைத்து, காலையில் எழுந்ததிலிருந்து வாய்க்குள் போவதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள். கூழ் சொன்னேன், களி சொன்னேன், பயறு சொன்னேன், மாத்திரைகூடச் சொன்னேன். வேறு, வேறு என்று கேட்டாள். யோசித்துக்கொண்டே கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டேன். ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் அமுக்கி உடைத்து, பருப்பை வாயில் போட்டேன்.

"அது என்னங்க சார்?" என்றாள்.

"எதுங்க?"

அவள் என் கையைக் காட்டினாள். கையில் கடலைத் தொலி இருந்தது.

எங்கள் ஊரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆடியில் விதைத்த கடலைக்காய் ஐப்பசியில் பிடுங்குவோம். செடியைக் குவித்து வைத்து ஊரே உட்கார்ந்து காய் ஆயும். ஆய்கிற கை வாய்க்குப் போகும், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். கூலிக்கு வருகிறவர்களும் தின்னும் காயைத் தின்னலாம், அது எங்கள் பக்கத்து வழக்கம். டூட்டி இல்லாத நாளெல்லாம் நான் எங்கள் மானாவாரிக் காட்டில் காய் ஆய்ந்தேன். டூட்டி நாளில் இரண்டு பாக்கெட்டும் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். விசில் அடிப்பதும் கடலைக்காய் உடைப்பதும் எனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது. அது சாப்பாடு என்றே எனக்குத் தோன்றவில்லை. கறியில்லை, பாலில்லை, செடியில் விளைந்தது, அவள் சொன்ன வீகன்தானே என்றேன்.

"சார், உங்க ஊர்ல கடலெண்ணெய் எதுலேருந்து ஆட்டறாங்க?" என்று அவள் கேட்டாள்.

பருப்பில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். நான் ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு மகளை அழவைத்துவிட்டு, செக்கையே பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்று மாலையே தீபாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு என் பாக்கெட்டைத் துழாவி மிச்சத்தை எடுத்து அவளே தின்றாள்.

எடை நின்றுபோன அந்த ஆறு வாரம் சும்மா போகவில்லை. அதே வாரத்தில் ஒரு நாள் காலையில் கோவிந்தம்மாள் தன் கையைத் தொட்டுப் பார்த்தாள், கிர்ரென்ற ஓட்டம் இல்லை. நானும் தொட்டேன், இல்லை. ஃபிஸ்டுலாவில் இரத்தம் உறைந்து அடைத்துவிட்டது. டயாலிசிஸ் ஒரு நாள் தள்ளிப்போனதில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு விட முடியாமல் திணறியவளைச் சேலத்துக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. அதன் வாசலில் ஒரு இரும்பு பெஞ்சு உண்டு, அதில் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் கதவு திறந்தால் ஒன்றாக எழுந்து நிற்போம், யார் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்று. பில்லைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிப் புலம்பல், விட்டுவிடுகிறேன். இனி ஒருமுறை இப்படி வந்தால் சொல்ல முடியாது, சீக்கிரம் எடையைக் கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் ஒழுங்காக இருந்திருந்தால் இந்நேரம் ஆபரேஷன் தேதி குறித்திருப்பார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

ஐந்தாம் நாள் அவளை வார்டுக்கு மாற்றினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கடலைக்காய் விஷயத்தைச் சொன்னேன். என்னால்தான் உனக்கு இந்த நிலைமை என்றேன். அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுங்க" என்றாள். "துணி தொவைக்கப் போடறப்பவே பாக்கெட்டுல தொலி கெடந்துச்சு. அள்ளி வெளிய கொட்டிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை, தீபாவை நான் திட்டும்போதுகூட ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எளைக்கலைன்னா உங்கள வெட்ட மாட்டாங்க இல்ல."

எனக்கு வந்தது கோபம்தான், அதை மறைக்கப் போவதில்லை. ஆறு மாதமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நான் இறங்க, இவள் படுத்த இடத்திலிருந்து என்னைத் தோற்கடிக்கப் பார்த்திருக்கிறாள். எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, தன் உயிரைப் பற்றி நினைக்காமல், தொலியை அள்ளிக் கொட்டியிருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்ப்பார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதேன். ஐம்பத்தொரு வயதில் அப்படி அழுவேன் என்று நான் நினைத்ததில்லை.

"எனக்கு ரெண்டு இருக்குது" என்றேன். "நீயில்லாத வூட்டுல அந்த ரெண்டயும் வெச்சிக்கினு நான் என்னா பண்ணப் போறேன், சொல்லு."

நர்ஸ் வந்து மருந்து ஏற்றிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கோவிந்தம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"இனிமே பாக்கெட்டுல எது கெடந்தாலும் சொல்லிடறேன்" என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். டிக்கெட் செக்கர்கூட என்னை அப்படிச் சோதித்ததில்லை. காட்டில் மிச்சமிருந்த செடியைக் காய் ஆய ஆளை விட்டுவிட்டு நான் வரப்பில்கூட நிற்கவில்லை. விடிவதற்கு முன்பு எழுந்து ஊர் ரோட்டில் ஒரு மணி நேரம் நடந்தேன். மார்கழிப் பனியில் காது அடைத்துக்கொள்ளும், ஆனாலும் ஒரு நாள் விடவில்லை. பொங்கலுக்கு ஊரே நெய் மணத்தில் இருக்க, எனக்குத் தீபா சாமையில் வெல்லம் மட்டும் கொஞ்சம் போட்டுப் பொங்கல் வைத்தாள். நெய் இல்லை, முந்திரி இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

தை மாதக் கடைசியில் மிஷினில் ஏறினேன். எண்பத்தொன்று புள்ளி ஆறு. இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறட்டுமா என்று கேட்டேன். போதும் சார் என்று நர்ஸ் சிரித்தார். டயட்டீஷியன் எழுந்து வந்து கை கொடுத்தாள். கல்லீரல் கொழுப்பு போயிருந்தது, சர்க்கரை வாசலைவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்ட அந்த ரிப்போர்ட்டைத் தீபா போனில் படம் எடுத்து எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பினாள். நான்தான் அனுப்பச் சொன்னேன்.

ஆபரேஷனுக்கு முன்பு ஒரு குழுவின் முன்னால் உட்கார வேண்டும். உறுப்பு கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறாரா என்று விசாரிப்பார்கள், வீடியோவும் எடுப்பார்கள். கல்யாண போட்டோவைப் பார்த்தார்கள், பிள்ளை எத்தனை என்று கேட்டார்கள். கடைசியாக ஒருவர், உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்றார்.

"கட்டாயப்படுத்தி நிறுத்தத்தாங்க பாத்தாங்க" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்களுக்கு விளங்கவில்லை, ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

மாசியில் ஆபரேஷன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முதலில் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், வரிசையாக விளக்குகள், குளிர். கண் விழித்தபோது இடது விலாவுக்குக் கீழே யாரோ அரிவாளை வைத்துவிட்டுப் போனதுபோல வலி. தீபாவின் முகம் தெரிந்தது. அம்மாவுக்கு என்னாச்சு என்று கேட்டேன், வாய் குழறியது. நல்லா இருக்காங்கப்பா, உள்ள வெச்ச உடனே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சாம் என்றாள். திரும்பத் தூங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் என்னை நடக்கச் சொன்னார்கள். நர்ஸைப் பிடித்துக்கொண்டு, நடைபாதைக் கடைசியில் இருந்த அவளுடைய அறைவரை போனேன். தொற்று வரக்கூடாது என்று உள்ளே விட மாட்டார்கள், கதவில் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். வீக்கம் வடிந்து, முகம் எனக்குத் தெரிந்த முகமாக ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள். அப்புறம் ஏதோ நினைவு வந்தவள்போலக் கட்டிலின் பக்கம் குனிந்து, அங்கே தொங்கிய சிறுநீர்ப் பையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். மாதக்கணக்கில் அவளுக்குச் சொட்டுச் சிறுநீர் வந்ததில்லை. இப்போது அந்தப் பை பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது, வெளுத்த மஞ்சளாக, தெளிவாக. தங்க நகை போட்டுக்கொண்டு காட்டும்போதுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

நான் ஒரு கையால் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நெற்றிக்குத் தூக்கி அந்தப் பையைக் கும்பிட்டேன். நர்ஸ் சிரித்தார். சிரிக்கட்டும், அந்தப் பையில் இருந்தது நான் சம்பாதித்தது.